துணைநூற்பட்டியல் தயாரித்தல்: தமிழ் ஆய்வேடு எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

துணைநூற்பட்டியல் ஆய்வேட்டின் இறுதியில் இடம்பெறுவதால், அதைத் தயாரிப்பதும் இறுதி வேலைதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் எண்ணிவிடுகின்றனர். முதல் வரைவோடு வந்து என்னிடம் காட்டியவர்களில் பலர், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட நூலின் பதிப்பாண்டைத் தேடி மறுபடியும் அதே அலமாரி முன் நின்றவர்கள். நூல் கையில் இருக்கும்போதே விவரங்களைப் பதிந்து, பெயர்களை எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால், எஞ்சுவது வரிசைப்படுத்தலும் சரிபார்த்தலும் மட்டுமே. கீழே உள்ள படிகள் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே தரப்பட்டுள்ளன.

1. தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது உங்கள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டு அமைப்புக்காக வெளியிட்டுள்ள விதிக்குறிப்பு. நூல் விவரங்களை எழுதுவதற்கென உள்ள ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்), எம்.எல்.ஏ., சிகாகோ ஆகிய மூன்று முறைகளில் ஒன்றைப் பின்பற்றுமாறு அது கூறலாம். அல்லது துறைக்கே உரிய முறை ஒன்று வழக்கில் இருக்கலாம். (எம்.எல்.ஏ. என்றதும் சட்டமன்ற உறுப்பினர் நினைவுக்கு வருவது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாதது. இங்கே அது அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கத்தைக் குறிக்கிறது.) எந்த முறை என்பது தெளிவாகாமல் ஒரு பதிவைக்கூட எழுத வேண்டாம். ஏனெனில் ஏ.பி.ஏ. முறையில் ஆண்டு ஆசிரியர் பெயரை ஒட்டி வரும், எம்.எல்.ஏ. முறையில் அது பதிப்பகத்துக்குப் பின்னால் வரும். முந்நூறு பதிவுகளில் ஆண்டை இடம் மாற்றுவது ஒரு வாரத்தை விழுங்கிவிடும்.

இந்த முறைகள் ஆங்கில எழுத்திலான ஆய்வுகளை மனத்தில் கொண்டு உருவானவை. குடும்பப்பெயர், நடுப்பெயர் என்ற அவற்றின் கருத்துகள் தமிழ்ப் பெயர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே முறை சொல்வதையும் தமிழ்ப் பெயருக்கு நீங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டையும் ஒரே தாளில் எழுதி, நெறியாளரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை ஐயங்களைத் தீர்க்கப்போவது அந்தத் தாள்தான்.

2. விவரங்களைத் தலைப்புப் பக்கத்திலிருந்து எடுத்தல்

நூலின் மேலட்டை விற்பனைக்காக அமைக்கப்படுவது; அதில் பெயர் சுருங்கியிருக்கலாம், துணைத்தலைப்பு விடுபட்டிருக்கலாம். உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். அவ்விரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்துச் சேமித்துக்கொள்வது எளிய வழி; எழுதிக்கொள்ளும்போது நேரும் பிழையைப் பின்னர் திருத்துவதற்கு அந்தப் படமே சான்றாகும்.

பதிய வேண்டியவை: ஆசிரியர் பெயர் அச்சிட்டுள்ளபடி, நூற்பெயரும் துணைத்தலைப்பும், பதிப்பாசிரியர், உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஊர், முதற்பதிப்பின் ஆண்டு, உங்கள் கையில் உள்ள பதிப்பின் ஆண்டு, தொகுதி எண். கட்டுரையாக இருந்தால் அதன் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வேண்டும். இதைத்தான் மிகுதியானோர் மறந்துவிடுகின்றனர். மேற்கோள் எடுத்த ஒரு பக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு, கட்டுரை எந்தப் பக்கத்தில் முடிந்தது என்பதை விட்டுவிடுவார்கள்.

அச்சிட்டுள்ள ஊர்ப்பெயரை இன்றைய வழக்குக்கு மாற்ற வேண்டாம். பழைய நூலில் சென்னப்பட்டணம் என்று இருந்தால் பதிவிலும் அதுவே இருக்கட்டும். அந்தப் பதிப்பை அடையாளம் காண வேறொருவருக்கு அது உதவும்.

3. ஆசிரியர் பெயரை முடிவு செய்தல்

மிகுந்த நேரம் செலவாக வேண்டிய இடம் இதுதான். பட்டியலின் முதுகெலும்பு அகரவரிசை. அகரவரிசையின் அடிப்படை, பெயரின் எந்தப் பகுதியை முதலில் வைக்கிறோம் என்பது.

தமிழில் தலைப்பெழுத்து தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ குறிப்பது, குடும்பப்பெயர் அன்று. ஆகவே இயற்பெயரை முன்னும் தலைப்பெழுத்தைப் பின்னும் வைத்து, இடையில் காற்புள்ளி இட வேண்டும்: சாமிநாதையர், உ.வே.; கைலாசபதி, க.; சிவத்தம்பி, கா. தலைப்பெழுத்தோடு ஊர்ப்பெயர் முழுமையாக வந்தால் அதுவும் பின்னால் போகும்: வேங்கடசாமி, மயிலை சீனி.; நாராயணசாமி ஐயர், பின்னத்தூர் அ. மயிலையையும் பின்னத்தூரையும் ஆசிரியரின் இயற்பெயராகக் கொண்டு முறையே ம, ப வரிசையில் வைத்த பட்டியல்களை நான் திருத்தியிருக்கிறேன்.

சாதிப்பெயர் அல்லது பட்டப்பெயர் ஒட்டிவரும் பெயர்களில் முடிவு அவ்வளவு எளிதன்று. வையாபுரிப்பிள்ளை என்பது ஒரே சொல்லாக வழங்குவதால் வ வரிசையில் வரும். கே.கே. பிள்ளை என்ற வரலாற்றாசிரியருக்கு நூல்களில் இயற்பெயர் எழுத்துகளாகச் சுருங்கிவிட்டதால் பிள்ளை, கே.கே. என்று ப வரிசையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீலகண்ட சாஸ்திரி, கே.ஏ. என்பதில் நீலகண்ட என்பதே முன் நிற்கும். ஆனால் சில ஆங்கில நூலகப் பட்டியல்கள் அவரைச் சாஸ்திரி என்ற பெயரின்கீழ் வைத்திருக்கும் என்பதைத் தேடும்போது மறக்கக் கூடாது.

முனைவர், பேராசிரியர், டாக்டர், புலவர், பண்டிதர் முதலிய அடைமொழிகளை நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் பட்டியலில் பாதி மு வரிசையில் குவிந்துவிடும். ஆனால் இயந்திரத்தனமாக நீக்கவும் கூடாது. திரு.வி. கலியாணசுந்தரனார் என்பதில் உள்ள ‘திரு’ மரியாதைச் சொல் அன்று, திருவாரூர் என்ற ஊரின் சுருக்கம். அதை நீக்கி ‘கலியாணசுந்தரனார், வி.’ என்று எழுதிவிட்டுச் செவ்வனே திருத்தியதாக எண்ணும் மாணவர்கள் இன்றும் இருக்கின்றனர். அதேபோல் ஆறுமுக நாவலர் என்பதில் நாவலர் என்ற பட்டம் பெயரோடு கலந்துவிட்டது. அதைப் பிரித்தால் யார் என்றே தெரியாமல் போகும்.

ஒரே ஆசிரியர் பல எழுத்து வடிவங்களில் தோன்றுவது அடுத்த இடர். ஒரு பதிப்பகம் ராமநாதன் என்று அச்சிடும். மற்றொன்று இராமநாதன் என்று அச்சிடும். இரண்டையும் கண்டபடியே பதிந்தால் ஒருவரே இ வரிசையிலும் ர வரிசையிலும் இரண்டு ஆட்களாகத் தோன்றுவார். சாமிநாதையர், சாமிநாதய்யர், சுவாமிநாத ஐயர் என்பவையும், மீனாட்சிசுந்தரன், மீனாட்சிசுந்தரனார் என்பவையும் இவ்வகையே. ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லாப் பதிவுகளிலும் அதையே வைத்து, விட்ட வடிவத்தின் இடத்தில் ‘காண்க’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் விருப்பத்துக்காக ஜெயகாந்தனைச் செயகாந்தன் ஆக்குவது மட்டும் கூடாது. அவர் தம் நூல்களில் இட்டுக்கொண்ட பெயர் அது.

புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வைக்க வேண்டும். புதுமைப்பித்தனைத் தேடுபவர் விருத்தாசலம் என்ற பெயரில் தேடமாட்டார்.

4. பழந்தமிழ் நூல்களைப் பதிதல்

சங்கத் தொகை நூல்களுக்குத் தனி ஆசிரியர் இல்லை. நற்றிணையைப் பலர் பாடினர். நம் கையில் இருப்பதோ ஓர் உரையாசிரியரின் அல்லது பதிப்பாசிரியரின் உழைப்பு. ஆகவே நூற்பெயரை முதலில் வைத்து, பின்னர் உரையாசிரியர் பெயரை உ.ஆ. என்ற குறிப்போடு தருவது நல்லது. 1915இல் வெளிவந்த நற்றிணை உரைப் பதிப்பு இப்படித் தொடங்கும்:

நற்றிணை. 1915. பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் (உ.ஆ.).

பெயர் இங்கே முதலில் வராததால் தலைப்பெழுத்தைப் பின்னுக்குத் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். வரிசைக்காகத்தான் பெயரைத் திருப்புகிறோம். வரிசையைத் தீர்மானிக்காத இடத்தில் திருப்ப வேண்டியதில்லை.

‘புறநானூறு, சென்னை’ என்று மட்டும் எழுதுவது இப்பகுதியில் மலிந்த பிழை. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றுக்கும் பிற்கால உரைப் பதிப்புகளுக்கும் இடையே பாட வேறுபாடும் சொற்பிரிப்பு வேறுபாடும் உண்டு. எந்தப் பதிப்பின் பாடத்தை நீங்கள் எடுத்தாண்டீர்கள் என்பது தெரியாவிட்டால், உங்கள் விளக்கத்தைச் சோதிக்க எவராலும் இயலாது.

பதிப்பாசிரியருக்கு ப.ஆ., தொகுப்பாசிரியருக்கு தொ.ஆ., மொழிபெயர்ப்பாளருக்கு மொ.பெ. என்ற சுருக்கங்களைப் பயன்படுத்தி, அவற்றை ஆய்வேட்டின் முன்பகுதியில் உள்ள சுருக்கக் குறியீட்டுப் பக்கத்தில் விளக்கிவிடுங்கள்.

5. ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றுதல்

பழைய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டு பல வேடங்களில் இருக்கும். தமிழ் எண்களில் அச்சிட்டிருந்தால் கஅகூச என்பதுபோல் கண்ணுக்குப் படும். அது பொருளற்ற சொல் அன்று, 1894. க ஒன்று, அ எட்டு, கூ ஒன்பது, ச நான்கு.

திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31ஐக் கழிக்க வேண்டும். தி.பி. 2030 என்றால் 1999. தி.பி. என்பதைக் கி.பி. என்று படித்து, இன்னும் வராத ஆண்டில் வெளியான நூலைப் பட்டியலில் சேர்த்தவர்களும் உண்டு. சக ஆண்டாக இருந்தால் 78ஐக் கூட்ட வேண்டும்.

அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சய ஆண்டு என்பது 1894, 1954, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளின் சித்திரையிலும் தொடங்கியிருக்கிறது. முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்கள், அச்சகத்தின் பெயர், விலை அணாவிலா நயாபைசாவிலா என்பவற்றைக் கொண்டு எந்தச் சுழற்சி என்று தீர்மானிக்கலாம். தமிழ் ஆண்டு சித்திரை முதல் பங்குனி வரை இரண்டு கிறித்தவ ஆண்டுகளில் பரவுவதால், மாதம் தெரியாத நிலையில் 1894–95 என்று எழுதுவதே நேர்மையானது. அச்சில் இல்லாமல் நீங்கள் கணித்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் தர வேண்டும். எந்தத் தடயமும் இல்லையென்றால் ‘ஆ.இ.’, அதாவது ஆண்டு இல்லை, என்று குறித்துவிடலாம்.

மறுபதிப்பைப் பயன்படுத்தியிருந்தால் அதன் ஆண்டையே முதன்மையாகத் தந்து, முதற்பதிப்பின் ஆண்டை மு.ப. என்று உடன் தர வேண்டும். பக்க எண்கள் உங்கள் கையில் உள்ள பதிப்புக்கு உரியவை என்பதே காரணம்.

6. இதழ், அகராதி, கல்வெட்டு, இணையம்

இதழ்க் கட்டுரையில் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள்ளும் இதழின் பெயரைத் தடித்த எழுத்திலும் தருக. தமிழ் எழுத்தைச் சாய்வாக்கினால் பல எழுத்துருக்களில் சுழிகள் சிதைந்து தோன்றுவதால், சாய்வெழுத்தை ஆங்கிலப் பதிவுகளுக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விதிக்குறிப்பு வேறு சொன்னால் அதற்குப் பணிய வேண்டும். தொகுதி, பகுதி என்ற சொற்களை எல்லா இதழுக்கும் பொதுவாக்க வேண்டாம். செந்தமிழ்ச் செல்வி சிலம்பு, பரல் என்று எண்ணிட்டு வந்தது. பதிவிலும் அப்படியே இருக்கட்டும்.

அகராதிகளைப் பெயரின்கீழ் பதியலாம்: தமிழ் லெக்சிகன். 1924–1936. 6 தொகுதிகள். சென்னை: சென்னைப் பல்கலைக்கழகம். 1939இல் வந்த பின்னிணைப்புத் தொகுதியைப் பயன்படுத்தியிருந்தால் அதைத் தனியே சேர்க்க வேண்டும்.

கல்வெட்டுக்குத் தொகுதியின் பெயரும் எண்ணும் பட்டியலில் வந்தால் போதும். குறிப்பிட்ட கல்வெட்டின் எண் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ ‘நூலகம்’ என்ற இணையதளத்திலோ ஒரு நூலின் வருடிய பக்கப் படங்களைப் படித்திருந்தால், நீங்கள் படித்தது அச்சு நூலையே. அச்சு நூலின் முழு விவரத்தையும் தந்து, இறுதியில் தளத்தின் பெயரையும் பார்த்த நாளையும் சேர்க்க வேண்டும். மதுரைத் திட்டத்தில் இருப்பதுபோல் மறுபடி தட்டச்சு செய்த மின்னுரையைப் படித்திருந்தால், அது தனி வெளியீடு. அச்சுப் பதிப்பின் பக்க எண்ணை அதற்குத் தர முடியாது. பாடல் எண்ணோ இயல் எண்ணோ மட்டுமே தரலாம். மின்னுரையைப் படித்துவிட்டு, படிக்காத அச்சு நூலைப் பட்டியலில் காட்டுவது பிழை என்பதோடு நில்லாது. வாய்மொழித் தேர்வில் ‘இந்த நூலை எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்டால் விடை இருக்காது.

7. பகுதிகளாகப் பிரித்தல்

தமிழ் ஆய்வேடுகளில் முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என்ற பிரிவும், அதன்கீழ் தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், இதழ்கள், ஆய்வேடுகள், அகராதிகள், இணையதளங்கள் என்ற உட்பிரிவுகளும் வழக்கம். கள ஆய்வு செய்தவர்கள் தகவலாளர் பட்டியலைப் பிற்சேர்க்கையில் வைப்பதே பொருத்தம். மனிதர்கள் நூல்கள் அல்லர்.

பிரிவுகளை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே பதிவுகளுக்கு ஒரு தலைப்பு இட்டால் படிப்பவர் ஒரு நூலைத் தேட ஆறு இடங்களைப் புரட்ட நேரும். ஆய்வேட்டின் உடலில் ‘கைலாசபதி 1968’ என்பதுபோல் ஆசிரியர், ஆண்டு முறையில் மேற்கோள் காட்டியிருந்தால், எழுத்து வேறுபடும் ஆங்கில நூல்களைத் தவிர ஏனையவற்றை ஒரே வரிசையில் வைப்பதே படிப்பவருக்கு உதவி.

8. அகரவரிசைப்படுத்துதல்

கணிப்பொறி வரிசைப்படுத்தித் தரும் என்று நம்பியவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகும் இடம் இது.

முதலில் எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பினுள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதில் ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படுவதால் கேசவன், தேவநேயன், வேங்கடசாமி ஆகிய மூவரும் ஒரே இடத்தில் திரண்டு நிற்பார்கள். ஆகவே வரிசைப்படுத்துவதற்கு முன்பே கோப்பு முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

யூனிகோடிலும் இடர் தீர்ந்துவிடவில்லை. அதன் குறியீட்டு அட்டவணையில் ன என்பது நகரத்தை அடுத்தும், ற என்பது ரகரத்தை அடுத்தும், ஜ என்பது சகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எண் வரிசையை மட்டும் பார்க்கும் மென்பொருள் கந்தசாமி, கனகசபை, கலியாணசுந்தரனார் என்று அடுக்கும். தமிழ் நெடுங்கணக்கின்படி கந்தசாமி, கலியாணசுந்தரனார், கனகசபை என்பதே சரி. புள்ளி எழுத்து உயிர்மெய்க்கு முன் வர வேண்டும் என்பதும் அங்கே தவறும்: அப்பாத்துரை முன்னும் அபிராமி பின்னும் வர வேண்டியிருக்க, மென்பொருள் அபிராமியை முன்னுக்குக் கொண்டுவரும். வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் இவற்றில் பல சீராகும். எனினும் அச்செடுத்து ஒருமுறை விரலால் தொட்டுச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

மூன்றாவது, தட்டச்சுப் பிழை. ஔவை என்பதை ஒ, ள ஆகிய இரண்டு எழுத்துகளால் ‘ஒளவை’ என்று அடித்திருந்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் பெயர் ஒகர வரிசையில் போய் அமரும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருப்பதும் இவ்வகையே.

கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களை வகரத்துக்குப் பின், இறுதியில் வைக்கலாம். பெயரின் முற்பகுதி ஒன்றாக இருந்தால் சிறியது முன் வரும்: வேங்கடசாமி, மயிலை சீனி. என்பதற்குப் பின்னரே வேங்கடசாமி நாட்டார், ந.மு. வர வேண்டும். ஒரே ஆசிரியரின் நூல்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒரே ஆண்டில் இரண்டு இருந்தால் 1968அ, 1968ஆ என்று குறித்து, அதே குறியை ஆய்வேட்டின் உடலிலும் சேர்க்க வேண்டும். இரண்டாம் நூலிலிருந்து பெயருக்குப் பதில் கோடு இடும் வழக்கம் உண்டு; அப்படியானால் வரிசை முற்றும் உறுதியான பின்பே கோடு இடுங்கள். முன்கூட்டியே இட்டுவிட்டு மறுபடி வரிசைப்படுத்தினால் கோடுகள் எல்லாம் ஒன்றுதிரண்டு மேலே போய்விடும், எந்தக் கோடு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

9. ஜோட்டீரோ போன்ற நூற்பட்டியல் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு

இவற்றில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் இயற்பெயரையும், முதற்பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தையும் இட்டால் பதிவு சரியாக வரும். மறைமலையடிகள், புதுமைப்பித்தன் போன்ற ஒற்றைப் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒற்றைக் கட்ட அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நூலகத் தளங்களிலிருந்து தானாக இறங்கும் விவரங்களை அப்படியே ஏற்க வேண்டாம். பெயர் தலைகீழாகவோ ஆங்கில எழுத்திலோ வந்திருப்பது சாதாரணம்.

10. பக்க அமைப்பும் இறுதிச் சரிபார்ப்பும்

ஒவ்வொரு பதிவின் முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கி, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். பெயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கண் எளிதில் தேடும். இதை இடைவெளி விசையைத் தட்டித் தட்டி அமைக்காமல், பத்தி அமைப்பில் உள்ள தொங்கல் உள்தள்ளலைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் எழுத்தின் அளவை மாற்றிய மறுகணமே எல்லாம் குலைந்துவிடும். இருபுறமும் சமப்படுத்துவதையும் தவிர்க்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சொற்களுக்கு நடுவே பெரும் பள்ளங்கள் விழும்.

பதிப்பகப் பெயர்களை இப்போது ஒருமுறை பாருங்கள். தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் ஒரு பதிவில் முழுப்பெயரிலும், மற்றொன்றில் கழக வெளியீடு என்றும், வேறொன்றில் சைவசித்தாந்தக் கழகம் என்றும் இருக்கும். ஒன்றைத் தேர்ந்து ஒரேமாதிரி ஆக்குங்கள்.

பிறகு ஆய்வேட்டையும் பட்டியலையும் இருவராக உட்கார்ந்து ஒத்துப்பாருங்கள். ஒருவர் இயல் வாரியாக அடிக்குறிப்பைப் படிக்க, மற்றவர் பட்டியலில் பென்சிலால் குறியிட வேண்டும். பட்டியலில் இல்லாத நூல் அடிக்குறிப்பில் வந்தால் உடனே சேர்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் குறி விழாமல் எஞ்சும் பதிவுகள், நீங்கள் படித்தும் மேற்கோள் காட்டாத நூல்கள். மேற்கோள் காட்டியவற்றை மட்டுமே விதிக்குறிப்பு ஏற்குமானால் அவற்றை நீக்குங்கள். படித்தவற்றையும் ஏற்குமானால் வைத்துக்கொள்ளலாம். கடைசி நேரத்தில் நீக்கியதாலோ சேர்த்ததாலோ 1968அ, 1968ஆ குறிகள் மாறியிருந்தால், அச்சுக்குக் கொடுக்குமுன் ஆய்வேட்டின் உடலிலும் அவற்றை மாற்ற வேண்டும்.